நாலு வாட் சம்பளம்

‘ஸ்மோக்கி அண்ட் தி பேண்டிட்’ பார்த்திருக்கிறீர்களா? 1977-ல் வந்த ஹாலிவுட் மசாலா. அட்லாண்டாவிலிருந்து டெக்ஸார்கானா போய், 400 கேஸ் பீரை ஏற்றிக்கொண்டு 28 மணி நேரத்துக்குள் திரும்பி வரவேண்டும் என்று பந்தயம். பீர் லாரியில் வருகிறது. போலீஸைத் திசை திருப்ப, கறுப்புக் காரில் பர்ட் ரெனால்ட்ஸ் பறக்கிறார். காருக்கும் லாரிக்கும் நடுவே ஒரே தொடர்பு, சுருள் வயர் வைத்த ஒரு சின்ன மைக். அதுதான் சி.பி. ரேடியோ. சிட்டிஸன்ஸ் பேண்ட். பொதுஜன அலைவரிசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் சாம் பெக்கின்பா ‘கான்வாய்’ எடுத்தார். கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் மைக்கில் பேசப் பேச, பின்னால் லாரிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் அது ஓர் ஊர்வலம்.

இரண்டையும் ரசித்துப் பார்த்தவன்தான் நான். ஆனாலும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. சி.பி. ரேடியோ என்பது பேசுகிறவனுடைய கருவி என்று உலகத்தையே நம்பவைத்துவிட்டார்கள். ஹீரோ பேசுகிறான், மற்றவர்கள் கேட்கிறார்கள். கேமரா மைக்கையே சுற்றிச் சுற்றி வருகிறது. வண்டியின் பின்னால் ஆடிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவுக்கு ஒரு குளோஸப் கிடையாது. அந்த நம்பிக்கையோடு கடைக்குப் போய், மைக்கையும் செட்டையும் பார்த்துக் காசைக் கொட்டி, ஆன்டெனாவில் கஞ்சத்தனம் பண்ணி, அதை ஒரு ஜீப்பில் மாட்டிக்கொண்டு பாலைவனத்துக்குக் கிளம்பினால் என்ன ஆகும்?

என் சித்தி பையனுக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன்.

அவன் டென்வரில் சாஃப்ட்வேர் ஆசாமி. ஜீப் ரேங்ளர் வாங்கி, உடா மாநிலத்தில் இருக்கும் மோவாப் என்ற ஊருக்கு நண்பர்களோடு கிளம்பினான். மோவாபைத் தெரியாதவர்களுக்கு: செம்பாறை மலையும் பள்ளத்தாக்குமான பூமி. வழவழவென்று யானை முதுகு மாதிரி வளைந்த பாறைகள் மேல் ஜீப் ஏறி இறங்கும். 1967-லிருந்து ஈஸ்டர் சமயத்தில் அங்கே ஜீப்காரர்கள் திருவிழாவே நடக்கிறது. ஊரைத் தாண்டி உள்ளே போனால் பல இடங்களில் செல்போன் சிக்னல் பூஜ்யம்.

ஒன்பது ஜீப்கள் வரிசையாகப் போயின. இவன் எட்டாவது. ஒரு பாறைத் திருப்பத்துக்கு அப்புறம் ஒன்பதாவது வண்டியின் டயர் பக்கவாட்டில் கிழிந்து நின்றுவிட்டது. உள்ளே கணவன், மனைவி, ஆறு வயசுப் பெண். அந்தக் கணவர் மைக்கை எடுத்துக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு தடவை அல்ல, ஏழெட்டுத் தடவை. முன்னால் போனவர்களுக்கும் அவருக்கும் நடுவே பாறைச் சுவர். அவர் குரல் எட்டக்கூடிய தூரத்தில் இருந்தது என் தம்பியின் ஜீப் ஒன்றுதான். அவன் கேட்டு, அதை முன்னால் இருப்பவருக்குச் சொல்லி, அவர் அடுத்தவருக்குச் சொல்லி... சங்கிலி மாதிரி. சங்கிலியில் இந்தக் கண்ணி அறுந்திருந்தது. அவன் செட்டில் வந்ததெல்லாம் ‘உஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சல்.

நாற்பது நிமிஷம் கழித்து, சாப்பிட நிறுத்திய இடத்தில் தலையை எண்ணினால் எட்டு வண்டி. திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். நல்லவேளை, தண்ணீர் வைத்திருந்தார்கள். வெயிலில் அந்தக் குழந்தை சுருண்டு படுத்திருந்ததே தவிர வேறு ஒன்றும் ஆகவில்லை.

“என் செட்டு அந்தக் கூட்டத்துலயே காஸ்ட்லி செட்டுண்ணா” என்றான் போனில். அழாத குறை.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

கொஞ்சம் பூர்வீகம். அமெரிக்காவின் எஃப்.சி.சி. என்ற தொலைத்தொடர்பு ஆணையம் 1958-ல் 27 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் 23 சேனல்களைச் சாதாரண ஜனங்களுக்கென்று ஒதுக்கியது. பரீட்சை கிடையாது, லைசென்ஸ் மட்டும் எடுக்கவேண்டும். பதினைந்து வருஷம் சத்தமில்லாமல் இருந்தது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்த, டீசல் தட்டுப்பாடு. 1974 ஜனவரியில் நிக்சன் கையெழுத்துப் போட, நாடு முழுக்க 55 மைல்தான் அதிகபட்ச வேகம் என்றாகிவிட்டது. எந்த பங்கில் டீசல் இருக்கிறது, எந்தப் பாலத்தடியில் போலீஸ் ஒளிந்திருக்கிறது என்று லாரி டிரைவர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ள சி.பி.தான் கை கொடுத்தது.

அப்புறம் அது பைத்தியமாகவே பரவியது. லைசென்ஸ் கட்டணத்தை 1975-ல் 20 டாலரிலிருந்து 4 டாலராகக் குறைத்தார்கள். 1976-ல் ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டே ‘ஃபர்ஸ்ட் மாமா’ என்ற பட்டப்பெயரில் சி.பி.யில் பேசினார். (நம் ஊர் மாமா இல்லை. அம்மா.) 1977 ஜனவரியிலிருந்து 23 சேனல் 40 ஆனது. 1983-ல் லைசென்ஸே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். நாம் எழுபதுகளில் வீட்டு ரேடியோவில் பாட்டுக் கேட்கவே தபால் ஆபீஸில் லைசென்ஸ் பணம் கட்டிக்கொண்டிருந்தோம் என்பதை நினைத்துப் பெருமூச்சு விடலாம்.

பைத்தியம் தெளிந்த பிறகு சி.பி.யை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் முக்கியமாக இரண்டு ஜாதி. ஒன்று, லாரிக்காரர்கள். இன்னொன்று, ஜீப்பை எடுத்துக்கொண்டு மலையேறுகிற இந்தக் கிறுக்கர்கள். இவர்களுடைய தேவை வேறு வேறு. வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இப்போது கடைக்குப் போவோம். கண்ணாடி அலமாரியில் சின்னதும் பெரிசுமாக இருபது செட். விலையில் நாலு மடங்கு வித்தியாசம். எதை வாங்குவீர்கள்?

நான் பி.காம். எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது. வரவு செலவு தெரியும். அந்தக் கணக்கில் சொல்கிறேன். சட்டப்படி ஒரு சி.பி. செட் சாதாரண ஏ.எம். முறையில் 4 வாட்டுக்கு மேல் அனுப்பக்கூடாது. மிகச் சின்ன செட்டுக்கும் 4 வாட். குரோமியம் பூசி, ஊசி மீட்டர் ஆடி, நீல விளக்கு எரிகிற செட்டுக்கும் அதே 4 வாட். பியூனுக்கும் ஜெனரல் மானேஜருக்கும் ஒரே சம்பளம் என்று உத்தரவு போட்ட ஆபீஸ் இது. அந்தச் சம்பளத்தை வைத்து யார் எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். குடித்தனம் நடத்துவது செட் அல்ல. ஆன்டெனாவும் அதன் எர்த்தும்.

இந்த உண்மையைக் கடைக்காரர் சொல்லமாட்டார். சொன்னால் அலமாரியின் மேல் தட்டு விற்காது.

அதற்காக எல்லா செட்டும் ஒன்றுதான் என்று சொல்லவில்லை. வித்தியாசம் உண்டு. நாம் நினைக்கிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான். கோப்ரா 29 என்ற மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். லாரிக்காரர்களின் செல்லப்பிள்ளை. குமிழ்கள் பெரிசு, இருட்டிலும் கைக்கு அகப்படும், ரிசீவர் சுத்தம். லாரி கேபினில் அது ராஜா. ஜீப்பில் மாட்டினால் முழங்காலில் இடிக்கிறது, கியர் போட வழி இல்லை. அது செட்டின் குற்றமல்ல, இடம் மாறிக் குடிவைத்தவர் குற்றம்.

அதே கம்பெனியின் கோப்ரா 75 வேறு ஜாதி. குமிழ், சேனல் நம்பர், ஸ்பீக்கர் எல்லாமே கைக்குள் அடங்குகிற மைக்கில் இருக்கும். மீதிப் பெட்டியை சீட்டுக்கு அடியில் ஒளித்துவிடலாம். ஜீப்புக்கென்றே அளவெடுத்த மாதிரி. குறை என்ன? எல்லா முட்டையும் ஒரே கூடையில். கூரையில்லாத ஜீப்பில் மழையோ சேறோ அந்த மைக்குக்குள் போய்விட்டால், மைக் மாற்றிப் பிழைக்க வழியில்லை, மொத்தமும் அவுட். யூனிடன் 505 போன்ற குட்டிப் பெட்டிகள் ஒரு சமரசம். அழகு கிடையாது, வேலை நடக்கும். தலைக்கு மேல் கம்பியிலோ டேஷ்போர்டுக்குக் கீழேயோ நாலு போல்ட்டில் நிற்கும்.

கையடக்க வாக்கி டாக்கி ரக சி.பி.யும் கிடைக்கும். மாட்டவே வேண்டாம், பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் அதன் ரப்பர் ஆன்டெனா ஒரு சாண். வண்டியின் இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்து அதில் பேசுவது, சாத்திய ஜன்னலுக்குப் பின்னாலிருந்து தெருவில் போகிற காய்கறிக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி. கீழே இறங்கி நின்று, பின்னால் வருகிற வண்டிக்கு ‘இடது டயரை இன்னும் ஒரு அடி மேலே ஏத்துங்க’ என்று வழி காட்டுகிறவருக்கு மட்டும் அது உபயோகம்.

செட்டில் பார்க்கவேண்டியது மூன்று. ஒன்று, ஸ்க்வெல்ச். யாரும் பேசாதபோது வரும் இரைச்சலை அடக்குகிற குமிழ். கொஞ்சம் அதிகம் திருகினால் இரைச்சலோடு சேர்த்து மெலிந்த குரல்களையும் அடக்கிவிடும். இரைச்சல் நிற்கிற புள்ளியோடு நிறுத்திவிட வேண்டும். இரண்டு, இன்ஜின் சத்தத்தை மீறிக் கேட்கிற ஸ்பீக்கர். போதாவிட்டால் தனி ஸ்பீக்கர் ஒன்றை முகத்துக்கு நேராக மாட்டுங்கள். மூன்று, வானிலை அறிவிப்பு சேனல்கள். எங்கோ மலைமேல் பெய்கிற மழை, நீங்கள் நிற்கிற வறண்ட ஓடையில் திடீர் வெள்ளமாக வரும் பூமி அது. அந்தச் செய்தி காசு பெறும்.

பார்க்கவேண்டாதது: எக்கோ. உங்கள் குரல் குகைக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்குமாம். ஒவ்வொரு தடவை பேசி முடித்ததும் ‘பீப்’ அடிக்கிற வசதி. இதற்கெல்லாம் காசு கொடுப்பது, சாவுக்குப் போன் பண்ணுகிற செல்போனுக்கு ஸ்பெஷல் ரிங்டோன் வாங்குகிற மாதிரி. எஸ்.எஸ்.பி. என்றொரு முறை உண்டு. அதில் உச்சத்தில் 12 வாட் அனுமதி. 2021-லிருந்து எஃப்.எம். முறைக்கும் அனுமதி கொடுத்துவிட்டார்கள், குரல் தெளிவாக இருக்கும். இரண்டுமே எதிராளியிடமும் அதே வசதி இருந்தால்தான் பிரயோஜனம். ஒரு கையால் தட்டி ஓசை வராது.

ஆன்டெனாவுக்கு வருவோம். இங்கே இயற்கையே நமக்கு விரோதி. 27 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலையின் நீளம் 11 மீட்டர். அதற்கு ஒழுங்கான ஆன்டெனா என்றால் கால் பங்காவது வேண்டும். அதாவது சுமார் இரண்டே முக்கால் மீட்டர், ஒன்பது அடி. ஒன்பது அடிச் சாட்டையை ஜீப்பில் நட்டுக்கொண்டு மரக்கிளைகளுக்குள் புகுந்தால் யாரையாவது அடிக்கும். அதனால் கண்ணாடியிழைக் குச்சியில் கம்பியைச் சுருளாகச் சுற்றி, மூன்றடி நாலடிக்குள் ஏமாற்றி அடக்குகிறார்கள். குச்சி குட்டையாக ஆக எட்டும் தூரமும் குறையும். ‘ஒன்றரையடிதான், ஆனா சூப்பரா இழுக்கும் சார்’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஜீப்புக்கு நாலடி நியாயமான சமரசம். அடியில் ஒரு ஸ்பிரிங் போட்டுவிட்டால் கிளை இடித்தாலும் வளைந்து நிமிரும்.

எங்கே மாட்டுவது? உயரமாக, ஆன்டெனாவின் மேல் பாதியாவது வண்டியின் உடம்புக்கு மேலே தெரிகிற மாதிரி. உத்தமம், இரும்புக் கூரையின் நட்ட நடுவில். ஆனால் ரேங்ளரின் கூரை துணி அல்லது ஃபைபர். காந்தத்தில் ஒட்டவைக்கலாம் என்றால், 2018 மாடலிலிருந்து பானட்டும் கதவுகளும் அலுமினியம், காந்தம் வழுக்கிக்கொண்டு போகும். எனவே பின்னால் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு தாங்கி வைத்து மாட்டுவதுதான் வழக்கம். பம்பரில் மாட்டினால் குச்சியின் பெரும்பகுதி வண்டியின் இரும்பை முகர்ந்துகொண்டு நிற்கும்.

என் தம்பி என்ன பண்ணினான் தெரியுமா? பின் பம்பரின் இரண்டு ஓரத்திலும் இரண்டு ஆன்டெனா. பெரிய லாரிகளில் அப்படிப் பார்த்திருக்கிறான். இரட்டை ஆன்டெனா சரியாக வேலை செய்ய இரண்டுக்கும் நடுவே ஒன்பதடியாவது இருக்கவேண்டும். லாரியில் கண்ணாடிக்குக் கண்ணாடி கிட்டத்தட்ட அது கிடைக்கும். ரேங்ளரின் அகலமே இரண்டு மீட்டருக்குக் குறைவு. பார்க்க மட்டும் ஜோராக இருந்திருக்கும்.

ஊருக்குத் திரும்பியவன் ஒரு உதிரிபாகக் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னான். “பவர் பத்தலை. ஆம்ப்ளிஃபையர் போட்டுடலாம்” என்றார்களாம். இதைக் கேட்டு எனக்குக் கோபமே வந்தது. முதலாவது, சி.பி.யில் ஆம்ப்ளிஃபையர் மாட்டுவது அமெரிக்காவில் சட்ட விரோதம். இரண்டாவது, இவனுடைய நோய் பேச முடியாதது அல்ல, கேட்காதது. ஆம்ப்ளிஃபையர் வாயைத்தான் பெரிசாக்கும். காதை அல்ல. மூன்றாவது, வெட்டவெளியிலேயே இரண்டு மடங்கு தூரம் எட்ட நாலு மடங்கு பவர் வேண்டும். பாறைக்குப் பின்னால் கேட்கவே வேண்டாம். நாற்பது வருஷத்துக்கு முந்தைய சினிமாவை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்: சத்தமாகப் பேசுகிறவன் ஜெயிப்பான்.

அவனைக் காப்பாற்றியவர் அவன் தெருவிலேயே இருக்கும் ஒரு ரிட்டயர்டு பெரியவர், ஹாம் ரேடியோக்காரர். அவர் செட்டைத் தொடவே இல்லை. எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் என்று ஒரு சின்னப் பெட்டியைச் செட்டுக்கும் ஆன்டெனா கேபிளுக்கும் நடுவே மாட்டினார். அந்த மீட்டரின் விலை, இரண்டு பேர் ஹோட்டலில் சாப்பிடுகிற காசு.

அது என்ன பண்ணும்? நீங்கள் அனுப்பிய பவரில் எவ்வளவு ஆன்டெனாவில் ஏற்காமல் திரும்பி வருகிறது என்று காட்டும். என் பாஷையில், சேல்ஸ் ரிட்டர்ன். அளவு 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. ஒன்றரை என்றால் நூற்றுக்கு நாலு திரும்புகிறது, பிரமாதம். 2 என்றால் பதினொன்று, சகித்துக்கொள்ளலாம். 3 என்றால் கால்வாசி சரக்கு வீட்டுக்கே திரும்பி வருகிறது. வருவதோடு நிற்காமல் செட்டின் உள் உறுப்பையும் சுட்டுவிடலாம். ஆன்டெனாவே மாட்டாமல் மைக்கை அழுத்தக்கூடாது என்பது இதனால்தான்.

தம்பியின் வண்டியில் எல்லாச் சேனலிலும் ஊசி 3-ஐத் தாண்டி நின்றது. பெரியவர் சிரித்தாராம்.

இந்த மீட்டர் படிக்கிற சூத்திரத்தை மட்டும் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். சேனல் 1-லும் 40-லும் அளந்து பாருங்கள். 40-ல் அதிகம் என்றால் ஆன்டெனா நீளம் ஜாஸ்தி. 1-ல் அதிகம் என்றால் நீளம் போதாது. நுனியில் திருகாணி இருந்தால் அதைத் திருகிச் சரிபண்ணலாம். வெட்டுகிற ரகம் என்றால் ஜாக்கிரதை, தையற்காரர் மாதிரி இரண்டு தடவை அளந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டவேண்டும். வெட்டினது ஒட்டாது. அளக்கும்போது வண்டி வெட்டவெளியில், கதவுகள் சாத்தி இருக்கட்டும். எல்லாச் சேனலிலும் எகிறி நின்றால் நீளத்தைத் தொடாதீர்கள். குற்றவாளி பெரும்பாலும் எர்த்.

எர்த்தேதான். ஆன்டெனா என்பது பாதி மனிதன். மீதிப் பாதி வண்டியின் இரும்பு உடம்பு. ஆன்டெனாவின் அடிக்கும் அந்த உடம்புக்கும் இரும்போடு இரும்பாகத் தொடர்பு வேண்டும். தம்பியின் பம்பர் கடையில் வாங்கிய புது பம்பர். தடிமனாகக் கறுப்புப் பெயிண்ட். அந்தப் பெயிண்டின் மேலேயே தாங்கியை முடுக்கியிருந்தார்கள். போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. மின்சாரத்துக்கு மட்டும் வழி இல்லை. மின்சாரம் பெயிண்டைத் தாண்டாது. பளபளப்பு கெடக்கூடாதே என்று யாரோ சுரண்டாமல் விட்ட கட்டைவிரல் அகலப் பெயிண்டுதான் அந்தக் குழந்தையை நாற்பது நிமிஷம் வெயிலில் வைத்தது.

பெரியவர் இரண்டு ஆன்டெனாவையும் கழற்றினார். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நாலடி. தாங்கியின் அடியில் பெயிண்டைச் சுரண்டி இரும்பைக் காட்டினார். பின்கதவின் கீல்களையும் நம்பவில்லை. கதவிலிருந்து வண்டியின் சட்டத்துக்குத் தட்டையான ஒரு செம்புப் பின்னலை இழுத்து எர்த் கொடுத்தார். ஊசி ஒன்றரைக்கு இறங்கியது. செட் அதே செட்.

கையோடு கரண்ட் வயரையும் மாற்றினாராம். சிகரெட் லைட்டர் துளையிலிருந்து எடுத்திருந்தான். செட் இழுப்பது இரண்டு ஆம்பியருக்குள்தான், அங்கிருந்தும் ஓடும். ஆனால் குலுங்குகிற வழியில் பிளக் நழுவும், இன்ஜின் இரைச்சலும் அதன் வழியே ஏறும். ஆகவே பாசிட்டிவ் நேராக பேட்டரியிலிருந்து வரட்டும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ். வயர் இரும்புத் தகட்டுத் துளைக்குள் நுழைகிற இடத்தில் ரப்பர் வளையம், இல்லாவிட்டால் குலுங்கிக் குலுங்கித் தோல் உரிந்து தீப்பிடிக்கும். செட்டை டேப்பில் ஒட்டாதீர்கள். வண்டி குப்புறச் சாய்ந்தால் அது பறந்து வந்து மண்டையில் இறங்கும். ஏர்பேக் விரிகிற பாதையில் வைக்கவே வைக்காதீர்கள்.

இவ்வளவு பாடுபடுகிற அளவுக்கு இன்றைக்கு சி.பி. தகுதியானதா? விமர்சனம் என்று வந்தபின் இதற்கும் பதில் சொல்லவேண்டும்.

ஜி.எம்.ஆர்.எஸ். என்று ஒரு பங்காளி இருக்கிறான். அவனும் எஃப்.சி.சி. பிள்ளைதான். அலை சின்னது, அதனால் ஆன்டெனாவும் சின்னது. எஃப்.எம்., குரல் மணி மாதிரி. சில சேனல்களில் 50 வாட் வரை அனுமதி. லைசென்ஸ் வேண்டும், பரீட்சை இல்லை. 2022-லிருந்து கட்டணம் 35 டாலர், பத்து வருஷத்துக்கு, குடும்பம் முழுக்கச் செல்லும். ஜீப் கோஷ்டிகள் பல அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. குரலின் தரத்தை மட்டும் பார்த்தால் சி.பி. தோற்றுவிட்டது. சந்தேகமே வேண்டாம்.

போதாததற்கு வானமும் சி.பி.யைக் கேலி பண்ணுகிறது. சூரியப் புள்ளிகள் பெருகுகிற காலத்தில் 27 மெகாஹெர்ட்ஸ் அலை வானத்தில் பட்டுத் திரும்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி விழும். சுமார் பதினொரு வருஷத்துக்கு ஒரு தடவை இந்த உற்சவம். மோவாபில் நிற்கிற உங்களுக்கு ஃப்ளோரிடாக்காரர் தெளிவாகக் கேட்பார். அந்தச் சத்தத்தில் பின்னால் வருகிற ஜீப் அமுங்கிப்போகும். 250 கிலோமீட்டருக்கு அப்பால் பேசக்கூடாது என்று ஒரு சட்டமே முன்பு இருந்தது. 2017-ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

இன்னொரு குறையைக் ‘கான்வாய்’ படமே ஆரம்பத்தில் காட்டிவிடுகிறது. சி.பி.யில் லாரிக்காரர் மாதிரி பேசி, ரோடு காலி என்று நம்பவைத்து, வேகமாக வருகிறவர்களை மடக்குகிறவர் அந்தப் படத்தின் ஷெரீஃப்தான். முகமில்லாத குரலை நம்பினால் அதுதான் கதி. அந்தக் காட்சி ஒன்றில் மட்டும் பெக்கின்பா கருவியைச் சரியாகப் புரிந்துகொண்டார் என்பேன்.

அப்படியானால் தூக்கிப்போட்டுவிடலாமா? இல்லை. இங்கேதான் நான் கடைக்காரரிடமிருந்தும் புது மோஸ்தர் பக்தர்களிடமிருந்தும் விலகுகிறேன். ‘எது சிறந்த ரேடியோ?’ என்ற கேள்வியே தப்பு. ‘என்னோடு வருகிறவர்கள் என்ன வைத்திருக்கிறார்கள்?’ என்பதுதான் கேள்வி. கோஷ்டித் தலைவரைக் கேளுங்கள். அவர்களிடம் சி.பி. என்றால் சி.பி. ஜி.எம்.ஆர்.எஸ். என்றால் அது. எட்டு பேரிடம் சி.பி. இருக்க நீங்கள் மட்டும் அட்டகாசமான ஜி.எம்.ஆர்.எஸ்ஸோடு போனால், ஊமைகளில் நீங்கள்தான் பணக்கார ஊமை. தன்னந்தனியாகக் காட்டுக்குப் போகிறீர்கள் என்றால் இரண்டுமே போதாது, சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்புகிற கருவி வேண்டும்.

அங்கே வாங்கி இங்கே கொண்டுவரலாம் என்று யோசிக்கிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: வயர்லெஸ் கருவிகளை இறக்குமதி பண்ண நம் நாட்டில் தனி விதிகள் உண்டு. அதைப் படிக்காமல் பெட்டியில் போடாதீர்கள்.

தம்பி அடுத்த தடவை மோவாப் போனபோது எட்டாவது இடத்தில் போகவில்லை. தானாகக் கேட்டுக் கடைசி வண்டியாகப் போனான். ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணாடியையும் பார்த்தானாம். அதுவும் ஒரு பாடம். ரேடியோ இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் முதல் தடவை பின்னால் திரும்பிப் பார்க்காமல் விட்டிருந்தான். கிளம்புவதற்கு முன், மைக்கை எடுத்து ஹீரோ வசனம் எதுவும் பேசவில்லை. ஒவ்வொரு வண்டியாகக் கூப்பிட்டு, “நான் பேசறது கேக்குதா? நீங்க பேசுங்க, எனக்குக் கேக்குதான்னு பாக்கறேன்” என்றானாம்.

எட்டு பேரும் பதில் சொன்ன பிறகுதான் வண்டியைக் கிளப்பியிருக்கிறான்.

“பழைய செட்டை வித்துட்டு சின்னதா ஒண்ணு வாங்கிடலாமான்னு பாக்கறேண்ணா” என்றான் சென்ற வாரம்.

“வேண்டாம்டா. அது என்ன பாவம் பண்ணிச்சு?” என்றேன்.